கிரிவலம் செல்ல உகந்த நேரம்: ஒரு தேடல் உரைநடையை வாசித்தல்

மாதம் தவறாமல் வெளிவரும் தமிழ்க் கட்டுரை ஒன்று இருக்கிறது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு கைப்பேசியில் 'கிரிவலம்' என்று தட்டினால் வரிசையாக வந்து நிற்கும். தளங்கள்தான் வேறு வேறு, கட்டுரை ஒன்றுதான். தலைப்பில் மாதம், ஆண்டு, 'உகந்த நேரம்', 'முழு விவரம்' எல்லாம் இருக்கும். உள்ளே போனால் முதல் பத்தி, திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலம் என்று சொல்லும். இரண்டாவது பத்தி, நினைத்தாலே முக்தி தரும் ஊர் என்று சொல்லும். மூன்றாவது, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நான்காவது, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களின் பட்டியல். எந்தக் கிழமையில் சுற்றினால் என்ன பலன் என்று ஏழு வரி. இடையிடையே விளம்பரம். இதையெல்லாம் தாண்டி, கட்டைவிரல் சலித்துப்போன பிறகு, பக்கத்தின் அடியில் நேரம் வரும்: இன்ன தேதி இத்தனை மணிக்குத் தொடங்கி மறுநாள் இத்தனை மணிக்கு முடிகிறது. ஒரே ஒரு வாக்கியம்.

வாசகர் வந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக.

இதைப் போய் ஓர் இலக்கிய இதழில் விமர்சனம் செய்வானேன் என்று கேட்கலாம். எனக்குக் காரணம் இருக்கிறது. என் குடும்பத்தில் நாவல் படிப்பவன் நான் ஒருவன்தான். ஆனால் இந்தக் கட்டுரையை எல்லோரும் படிக்கிறார்கள். அம்மா படிக்கிறார், மாமா படிக்கிறார், பத்தாவது படிக்கும் அக்கா மகள் படித்துப் பாட்டிக்குச் சொல்கிறாள். பள்ளிக்கூடப் பாடநூலுக்கு வெளியே அவர்கள் முழுசாகப் படிக்கும் தமிழ் உரைநடை இதுதான். மருந்து, கடன், பாஸ்போர்ட், பிள்ளைக்குப் பெயர் என்று எதைத் தேடினாலும் இதே அச்சில் வார்த்த உரைநடைதான் அவர்களுக்குக் கிடைக்கிறது. பெரும்பாலான மக்களுக்குத் தமிழ் உரைநடை என்றால் இதுதான் என்று ஆகும்போது, அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்பது இலக்கிய வாசகனின் வேலைதான் என்று நினைக்கிறேன்.

*

முதலில் அந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். தேடுபவரின் மனதில் இருக்கும் கேள்வி 'உகந்த நேரம் எது' என்பதல்ல. 'இன்னைக்கு ராத்திரியா, நாளைக்கு ராத்திரியா?' என்பதுதான். நாட்காட்டியில் பௌர்ணமி என்று ஒரு கட்டம் போட்டிருக்கும்போது இந்தக் குழப்பம் ஏன் வருகிறது?

நிலவு சூரியனிடமிருந்து 12 பாகை விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி முடிகிறது. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.5 நாள். அதற்குள் 30 திதிகள். ஆகவே ஒரு திதி சராசரியாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் நிலவு ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவு, தள்ளிப் போகும்போது நிதானம். அதனால் ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில சமயம் 26 மணி நேரம் வரை இழுக்கும். தொடங்கும் நேரமும் நள்ளிரவு, நடுப்பகல் என்று எங்கே வேண்டுமானாலும் விழும். பௌர்ணமித் திதி 168 பாகையில் தொடங்கி 180 பாகையில் முடிகிறது. நிலவு சரியாக முழுமையடையும் கணம் அந்தத் திதியின் கடைசிக் கணம். போதாக்குறைக்கு வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு கணக்குகள். இரண்டுக்கும் திதி நேரம் மணிக்கணக்கில் வேறுபடலாம். ஒரு தளத்தில் ஒரு நேரமும் இன்னொரு தளத்தில் வேறு நேரமும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுதான் விஷயம். இரண்டு பத்தி. இதை ஒருமுறை படித்துவிட்டவருக்கு அடுத்த மாதம் சந்தேகம் வராது. வீட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்வார். ஆனால் நான் படித்த கிரிவலக் கட்டுரைகளில் இந்த இரண்டு பத்தியை மட்டும் பார்த்ததில்லை. அக்னித் தலம் என்பது எல்லாவற்றிலும் இருக்கிறது.

இதோடு பஞ்சாங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாம்புப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு ஒரு வரி. கிழமை, திதி, நட்சத்திரம், எத்தனை நாழிகை வரை. அவ்வளவுதான். பெயரடை கிடையாது. வந்தவருக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிடும். உரைநடையே இல்லாத ஒரு வடிவம், ஆனால் வாசகரின் நேரத்துக்கு அது காட்டும் மரியாதை பெரியது. நம்முடைய மாதாந்தரக் கட்டுரை பஞ்சாங்கமாக இருக்க முடியாத அளவுக்கு நீளம், கட்டுரை என்று சொல்ல முடியாத அளவுக்குக் காலி. பதிலும் முழுசாக இல்லை, கேள்வியும் வளரவில்லை. என் விமர்சனத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

*

இதை எழுதுபவர்கள் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் அடியில் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

தேடுபொறிகளின் ஆரம்பக் காலத்தில் பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பது பெரிய விஷயமாக இருந்தது. உடனே எல்லோரும் சொல்லை அள்ளித் திணித்தார்கள். 1998இல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை வாக்கு மாதிரி எண்ணலாம் என்று ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அது கூகுள் ஆனது. உடனே இணைப்பு விற்கும் சந்தை உருவானது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து மெலிந்த பக்கங்களைக் கீழே தள்ளினார்கள். மெலிந்தது கூடாது என்றதும் தொழில் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: நீளமாக எழுது. ஆயிரம் சொல்லுக்குக் குறையாதே. ஐந்து சொல் பதிலுக்கு அக்னித் தலமும் ஏழு கிழமையும் வந்து ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

கூகுள் தன் வாயாலேயே இதை மறுத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2022 ஆகஸ்டில் 'உதவிகரமான உள்ளடக்கம்' என்ற மாற்றம் வந்தது. அதையொட்டி, எழுதுபவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். இத்தனை சொல் இருந்தால் கூகுளுக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு எழுதுகிறீர்களா? அப்படி எங்களுக்கு எந்தக் கணக்கும் இல்லை. உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் மாற்றிப் புதிது மாதிரி காட்டுகிறீர்களா? படித்து முடித்தவர் மறுபடி வேறு எங்காவது போய்த் தேட வேண்டியிருக்குமா? கிரிவலக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியது மாதிரி இருக்கும். அதே ஆண்டு டிசம்பரில், தரத்தை மதிப்பிடும் அளவுகோல்களில் 'அனுபவம்' என்பதையும் சேர்த்தார்கள். எழுதியவர் அந்தப் பாதையில் நடந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

பின்னே ஏன் எதுவும் மாறவில்லை? ஏனென்றால் தேடுபொறி ஒரு பக்கம், விளம்பரம் இன்னொரு பக்கம். வாசகர் கீழே கீழே போனால்தான் அடுத்த விளம்பரம் தெரியும், தெரிந்தால்தான் காசு. பதில் முதல் வரியில் கிடைத்துவிட்டால் அவர் ஐந்து நொடியில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் துறையில் அதற்கு நல்ல பெயர் கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு உதவிப் பக்கத்தில் பதிலை மேலே கொண்டுவந்த வாரத்தில் 'பக்கத்தில் செலவழித்த நேரம்' குறைந்துவிட்டது. திரையில் அந்தக் கோடு சரிவதைப் பார்த்து ஒரு மேலாளர், பதிலைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாமே என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குக் கோடு தெரிந்தது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் தெரியவில்லை. 1998 ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பிலேயே பிரின்னும் பேஜும் எச்சரித்திருந்தார்கள்: விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும், தேடுபவர் பக்கம் சாயாது என்று. எச்சரித்தவர்களே அப்படிப்பட்ட நிறுவனத்தைக் கட்டினார்கள் என்பது தனிக்கதை.

'வாசகரை முன்னால் வை' என்பது இன்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் மந்திரம். சொல்வது சுலபம். ஆனால் முன்னால் வைக்கப்படுவது வாசகரா, அவர் விட்டுச்செல்லும் எண்ணா?

*

வாசகர் உண்மையில் என்ன தட்டுகிறார் என்று பார்த்தால் தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதற்கு என் ஊரே உதாரணம்.

கிரிவலப் பாதையில் ஏறக்குறையப் பாதி வழியில், மலைக்குப் பின்புறம், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் இருக்கிறது ஊர். பெயர் அடி அண்ணாமலை. கோயில் பெயர் ஆதி அண்ணாமலையார் கோயில். மலையடியில் இருப்பதால் அடி. பெரிய கோயிலுக்கும் முந்தியது, பிரம்மன் வைத்து வழிபட்டது என்று தலபுராணம் சொல்வதால் ஆதி. இரண்டு பெயருக்கும் நியாயம் இருக்கிறது. இப்போது இதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஏ, டி, ஐ. அடியும் அதுதான், ஆதியும் அதுதான், ஆடி மாதமும் அதுதான். 'அண்ணாமலை அடி' என்று போட்டால் மலை எத்தனை அடி உயரம் என்று கேட்கிறீர்களோ என்று இயந்திரம் நினைக்கலாம். வெறும் 'அண்ணாமலை' என்றால் 1992இல் வந்த ரஜினி படம், சிதம்பரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம், ஓர் அரசியல்வாதி எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள்.

தமிழ் எழுத்திலேயே தட்டினாலும் தொல்லை தீராது. பௌர்ணமி, பவுர்ணமி என்று இரண்டு எழுத்துமுறை. கோயில், கோவில் என்று இரண்டு. அதைவிட நுட்பமானது ஒன்று. 'பௌர்ணமி', 'பெளர்ணமி' இரண்டையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் முதலாவதில் இருப்பது பகரத்தோடு சேர்ந்த ஔகாரக் குறி. இரண்டாவதில் 'பெ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 'ள' என்ற முழு எழுத்தே உட்கார்ந்திருக்கிறது. இயந்திரத்துக்கு இவை இரண்டு வேறு சொற்கள். இதோடு வேற்றுமை உருபுகள் வேறு: திருவண்ணாமலையில், திருவண்ணாமலைக்கு, திருவண்ணாமலையிலிருந்து. இன்றைய தேடுபொறிகள் இவற்றில் பலவற்றை ஊகித்துச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் ஊகிக்க முடியாத காலத்தில் பிறந்த தந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒரே பக்கத்தில் எல்லா எழுத்துமுறைகளையும் தூவி விடுவது. ஒரு பத்தியில் பௌர்ணமி, அடுத்த பத்தியில் பவுர்ணமி. ஒரு வரியில் அடி அண்ணாமலை, அடுத்த வரியில் ஆதி அண்ணாமலை, இரண்டும் ஒன்றா வேறா என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

இங்கேதான் இரண்டு வகை எழுத்து பிரிகிறது என்று எனக்குப் படுகிறது. அடி, ஆதி என்ற இரண்டு பெயர்களும் கட்டுரையில் இருக்க வேண்டும் என்பதில் தேடுபொறிக்காரருக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அவர் இரண்டையும் தூவுகிறார். ஏன் இரண்டு பெயர் என்று ஒருவர் இரண்டு வரியில் சொன்னால், தேடுபொறிக்கும் இரண்டு சொல்லும் கிடைக்கிறது, படிப்பவருக்கும் ஊரைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்துவிடுகிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மரபு இந்த ஊரைச் சொல்கிறது, அவருக்கு இங்கே ஒரு கோயிலும் இருக்கிறது என்று அடுத்த வரியில் சேர்த்தால், நள்ளிரவில் அந்தக் கோயிலைத் தாண்டிப் போகிறவர் ஒரு நிமிடம் நிற்பார். தேடல் வழியே வருபவர்கள் கூடுவதற்கும் எழுத்து நன்றாக இருப்பதற்கும் இயற்கையான பகை எதுவும் இல்லை. சோம்பல்தான் அந்தப் பகையை உருவாக்குகிறது.

*

என் பெரியம்மா அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். சோடா, வாழைப்பழம், தீப்பெட்டி, கற்பூரம், பிஸ்கட். பௌர்ணமி ராத்திரி கடை மூடாது. கல்லூரி விடுமுறைகளில் நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை ஜனங்கள் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இன்னும் எவ்ளோ தூரம்? இங்க பாத்ரூம் எங்க இருக்கு? கூட வந்தவங்கள விட்டுட்டேன், எங்க நின்னா பிடிக்கலாம்? ஆட்டோ உள்ள வருமா? செருப்பு போட்டுக்கிட்டா தப்பா? பாதியில திரும்பினா பாவமா? ஈசான்ய லிங்கத்துக்கிட்ட பஸ் கிடைக்குமா, உள்ள போகணுமா?

யாரும் அக்னித் தலமா என்று கேட்டதில்லை. அது தெரிந்துதான் நடக்க வந்திருக்கிறார்கள்.

'இன்னும் எவ்ளோ தூரம்' என்ற கேள்விக்குப் பெரியம்மா ஒரே பதிலைச் சொல்லி நான் கேட்டதில்லை. கும்பலாக வந்த பையன்களிடம், 'பாதி முடிஞ்சிடுச்சு, நடங்க' என்பார். கைக்குழந்தையோடு வந்தவர்களிடம் அடுத்து உட்கார நிழற்குடை எங்கே இருக்கிறது என்று சொல்வார். சர்க்கரை வியாதிக்காரர் மாதிரித் தெரிந்த ஒரு வயதான அம்மாவிடம் தூரத்தைச் சொல்லவே இல்லை. காலைப் பார்த்துவிட்டு, 'மொதல்ல உக்காருங்கம்மா, அப்புறம் சொல்றேன்' என்றார். கேள்வி ஒன்று, கேட்டவர்கள் வேறு. தூரமும் மாறவில்லை. அவர் படித்தது கேள்வியை அல்ல, கேள்விக்குப் பின்னால் இருந்த காலை.

தேடல் பெட்டிக்குள் கால் தெரியாது என்பது உண்மை. நான்கு சொல் மட்டும்தான் தெரியும். ஆனால் எழுதுபவருக்குக் கற்பனை இருக்க வேண்டும் இல்லையா? 'கிரிவலம் நேரம்' என்று தட்டுபவர் யார்? பெரும்பாலும் முதல்முறை வருகிறவர், அல்லது வயதானவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். அடிக்கடி வருபவருக்கு இந்தத் தேடலே தேவையில்லை. அப்படி ஒருவரை மனதில் வைத்தால் கட்டுரையில் என்ன வர வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நேரம் முதல் வரியில். எந்த ராத்திரி என்ற விளக்கம் அடுத்து. நடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும், வெறுங்காலோடு பகல் வெயிலில் தார்ச்சாலை தாங்காது, பாதியில் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது. ஏழு கிழமைப் பலனை ஆசையிருந்தால் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

*

அதே மலையில், ஒரு வாசகர் கேட்டதால் பிறந்த உரைநடைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ரமணரின் 'நான் யார்?'. மதநூலாக அல்ல, எழுத்து வடிவமாக மட்டும் இங்கே அதைப் பார்க்கிறேன்.

1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் மலைமேல் விருபாட்ச குகைக்கு வந்தார். தத்துவம் படித்தவர். ரமணருக்கு அப்போது 22 வயது இருக்கும், பேசுவது மிக அரிது. பிள்ளை கேட்டார், ரமணர் எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்களைப் பிள்ளை பத்திரமாக வைத்திருந்து, இருபது ஆண்டுகள் கழித்து 1923இல் அச்சிட்டார். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கம். வடிவம் அதேதான்: கேள்வி, பதில், கேள்வி, பதில்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு நடந்தது. ரமணரே பின்னால் அதைக் கட்டுரை வடிவில் மாற்றி எழுதினார். வரிசையாக நின்ற கேள்விகள் கரைந்து ஓட்டமான உரைநடை ஆயின. கூடவே தொடக்கத்தில், பிள்ளை கேட்டிராத ஒரு பத்தியைச் சேர்த்தார். எல்லா உயிர்களும் துக்கமில்லாத சுகத்தையே விரும்புகின்றன என்று தொடங்கி, அந்தச் சுகத்தை அடையத் தன்னை அறிய வேண்டும் என்று வந்து, அதன் பிறகுதான் 'நான் யார்' என்ற கேள்விக்குள் நுழைகிறது அது.

இந்த மாற்றத்தை யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு அந்த முன்னுரைப் பத்தி தேவைப்படவில்லை. அவர் கேள்வியோடு மலையேறி வந்தவர். புத்தகத்தைத் திறக்கும் முகம் தெரியாத வாசகருக்கு அந்தக் கேள்வி இன்னும் தோன்றவே இல்லை. இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். அந்தப் பத்தி அவருக்காக எழுதப்பட்டது. பதில் தெரிந்த ஒருவர், பதிலுக்கு முன்னால் கேள்வியை வாசகருக்குள் விதைக்கிறார். கேள்வி பதில் வடிவத்தால் செய்ய முடியாத, கட்டுரையால் மட்டும் செய்ய முடிகிற வேலை இது. நம் கிரிவலக் கட்டுரையின் முதல் பத்தியும் முன்னுரைதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் எதுவும் குறையாது. இதை எடுத்துவிட்டால் பின்னால் வரும் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். நீளம் நியாயமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

*

இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள், ஏனென்றால் அடி வாங்கியவர்கள் வேறு யாரோ. இப்போது நம் பக்கம் வருவோம்.

இலக்கிய இதழ்களில் எழுதும் நாம் தேடல் என்ற சொல்லையே அருவருப்போடு பார்க்கிறோம். வாசகருக்காக எழுதுவது சமரசம் என்று ஒரு எண்ணம் சிற்றிதழ் காலத்திலிருந்து நம் ரத்தத்தில் இருக்கிறது. அதற்கு அன்று காரணம் இருந்தது. வணிக இதழ்கள் வாசகர் என்று சொன்னது விற்பனை எண்ணைத்தான். ஆனால் அந்தப் பிடிவாதத்தின் பெயரால் நாம் இன்று செய்வது என்ன? 'சில குறிப்புகள்' என்று தலைப்பு வைக்கிறோம். 'சில எண்ணங்கள்', 'மீள்பார்வை'. எந்த எழுத்தாளரைப் பற்றி, எந்தப் புத்தகத்தைப் பற்றி என்பது நான்காவது பத்தியில்தான் தெரிகிறது. நாவலின் பதிப்பு ஆண்டு இருக்காது. பெயரைப் பாதி எழுதுவோம், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று. ஒரு கல்லூரி மாணவி ஏதோ ஒரு நாவலைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் ராத்திரி அதன் பெயரைத் தட்டினால், அவளுக்குக் கிடைப்பது 'கதைச்சுருக்கம் பிடிஎஃப்' பக்கம்தான். நல்ல கட்டுரை எங்கோ இருக்கிறது, அவளால் போய்ச் சேர முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்க முடியாதது அவளுடைய தகுதிக்குறைவு என்று நாம் நினைத்தால், அந்த மேலாளருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு ஆள் எண்ணாகத் தெரிந்தார். நமக்கு ஆளே தெரியவில்லை.

தமிழில் இதற்கு எதிரான பெரிய முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார் உ.வே. சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று ஒப்பித்தார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். ஐயர் அதைப் படித்திருக்கவில்லை. ஒரு வாசகரின் கேள்வி. ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1887இல் சிந்தாமணி பதிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து அவர் கொண்டுவந்த பதிப்புகளைப் பாருங்கள். நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி, பாடல் முதற்குறிப்பு. மூலத்தை மட்டும் அச்சிட்டிருந்தாலே பெரிய சேவை. ஆனால் புலவர்களிடம் பாடம் கேட்கும் வாய்ப்பில்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்து இந்த நூலைத் திறப்பார், அவர் எங்கே தடுக்குவார் என்று ஐயர் யோசித்திருக்கிறார். சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க ஏற்பாடு செய்திருக்கிறார். அதை யாரும் சமரசம் என்று சொல்லவில்லை, புலமை என்றுதான் சொன்னார்கள்.

*

இந்தக் கிரிவலக் கட்டுரை அதிக நாள் இதே வடிவில் இருக்கும் என்று தோன்றவில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் இனி மேலேயே கிடைக்கும். அக்னித் தலத்தைத் தாண்டிக் கீழே போக வேண்டிய அவசியம் வாசகருக்கு இல்லை. வெறும் பதிலை மறைத்து வைத்துப் பிழைத்த பக்கங்கள் அதனால் அடிபடும். அதற்காக நான் அழப்போவதில்லை.

கவலை வேறு இடத்தில். அந்த இயந்திரம் தமிழ் கற்றது எங்கிருந்து? பெருமளவு இணையத்தில் கிடைக்கும் தமிழிலிருந்துதான். அங்கே குவிந்து கிடப்பது இந்த உரைநடை. ஒரே பத்தியைப் பத்து விதமாகத் திருப்பிப் போடும், ஒன்றும் சொல்லாமல் நீளும் தமிழ். நாளைக்கு அக்கா மகள் எதையாவது கேட்டால் அந்தச் சாயலில்தான் அது பதில் சொல்லும், அவளும் தமிழில் எழுதுவதென்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்வாள். அடியா ஆதியா என்று அவள் கேட்டால், யாரோ ஒருவர் எங்கோ இரண்டு வரி தெளிவாக எழுதி வைத்திருந்தால் மட்டுமே அதனால் சரியாகச் சொல்ல முடியும். எழுதாமல் விட்டால் அதுவும் தூவும்.

அதனால் சின்ன வேலைகள்தான் மிச்சம். உங்கள் ஊரைப் பற்றி, உங்களுக்குப் பிடித்த நாவலைப் பற்றி எழுதும்போது பெயரை முழுதாக எழுதுங்கள். ஆண்டைப் போடுங்கள். எந்தக் கேள்விக்காக இதை எழுதுகிறீர்கள் என்பது முதல் இரண்டு பத்திக்குள் தெரியட்டும். நேரடிப் பதில் இருந்தால் அதை ஒளிக்காமல் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் சொல்ல ஏதாவது இருந்தால், பதில் கிடைத்தவர்கூட உட்கார்ந்து படிப்பார். ஒன்றுமில்லை என்றால் பஞ்சாங்கம் மாதிரி ஒரே வரியில் நிறுத்திக்கொள்ளலாம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.